அக்ரிகல்ச்சுரலுக்கு வாய்பாடு கூவிளங்கனி

எனக்கு ஆங்கிலம் வராது என்று யாராவது சொன்னால் கோபம் பொத்துக்கொண்டு வரும். எழுதச் சொல்லுங்கள், பக்கம் பக்கமாக எழுதுவேன். நீளமான வார்த்தையைச் சிலபிள் சிலபிளாகப் பிரித்து, அழுத்தம் எங்கே என்று கேட்டால்தான் முழிப்பேன். தமிழில் ஒரு எழுத்தை மட்டும் தூக்கிச் சொல்லி நமக்கு என்ன பழக்கம்?

நன்னிலம் பக்கம் ஒரு சின்னப் பள்ளியில் நானும் என் சிநேகிதியும் ஆங்கில டீச்சர்கள். அந்த வருடத்தோடு பள்ளியை மூடப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். தஞ்சாவூரில் ஒரு பள்ளியில் ஒரே ஒரு இடம் காலி. இரண்டு பேரும் மனுப் போட்டோம். "யாருக்குக் கிடைச்சாலும் சந்தோஷம்தான்டி" என்றாள். நானும் நம்பித் தொலைத்தேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் இருவரும் நேர்முகத் தேர்வுக்குப் பயிற்சி எடுப்போம். ஒருநாள் 'அக்ரிகல்ச்சுரல்' வந்தது. நோட்டில் பிரித்தேன்: அக் / ரிகல்ச் / சுரல். நேர் நிரை நிரை, கூவிளங்கனி! பத்தாம் வகுப்பில் செய்யுளுக்கு அலகிட்ட கை தானாகப் போட்டுவிட்டது. அவளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. பிறகு, மொத்தம் ஐந்து சிலபிள், அழுத்தம் மூன்றாவதில் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாதடி, மானம் போயிடும்."

"சீ, நான் போய்ச் சொல்வேனா?"

தேர்வு நாளில் மனுப் போட்டவர்கள் எல்லோரும் மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். மற்றவர்கள் மாணவர்களாக பெஞ்சில் உட்கார, தேர்வுக் குழு பின்னால் இருந்தது. முதலில் அவள். போர்டில் அதே வார்த்தையை எழுதிவிட்டு, "எனக்குத் தெரிஞ்ச ஒரு டீச்சர் இருக்காங்க" என்று ஆரம்பித்தாள். கூவிளங்கனி வரைக்கும் சொன்னாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அறை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

அடுத்தது நான். அதே வார்த்தையைச் சொல்லச் சொன்னார்கள். ஐந்தாகப் பிரித்து, மூன்றாவதை அழுத்தி, சரியாகத்தான் சொன்னேன். அப்போதும் சிரித்தார்கள்.

அன்றைக்கே முடிவைச் சொல்லிவிட்டார்கள். வேலை அவளுக்கு.

பஸ் ஸ்டாண்டில், திருவாரூர் பஸ்ஸின் ஜன்னல் வழியே, "உன் பேரைச் சொல்லலையேடி. கிளாஸ் கொஞ்சம் கலகலப்பா இருக்கட்டும்னுதான்" என்றாள். அடிப்பாவி! பேரைச் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை, அங்கேயே எழுந்து சண்டையாவது போட்டிருப்பேன்.

பக்கத்து சீட்டில் கைப்பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருந்தாள். "ஏறுடி, கிளம்பப் போறான்" என்றாள்.

நான் ஏறவில்லை.