சுருவம் கண்டால் நிற்கும் மாடுகள்

வண்டிலில் அம்மா, மாமி, நான் மூன்று பேரும் இருந்தோம். முன்னால் வண்டில்காரர். அப்பா வரவில்லை. வெட்டிய நெல் வீதியோரம் படங்கு விரிப்பில் காய்கிறது, விட்டுவிட்டு வர ஏலாது என்றார். உண்மைக் காரணத்தை முதல் நாளே சொல்லிவிட்டார். "பஸ்ஸில ஒண்டரை மணித்தியாலம். அதுக்கு ரெண்டு நாள் வண்டிலில குலுங்க எனக்கென்ன விசரே?"

அம்மாவுக்கு அது நேர்த்தி. எங்கள் வீட்டில் எட்டாம் வகுப்பைத் தாண்டியவர் ஒருவரும் இல்லை. மகன் படித்து உத்தியோகத்துக்குப் போனால், மாங்குளத்திலிருந்து மாட்டு வண்டில் கட்டி வந்து வற்றாப்பளையில் பொங்குவேன் என்று அம்மாளாச்சியிடம் சொல்லியிருந்தா. நான் எழுதிய ஒவ்வொரு பெரிய சோதனைக்கும் ஒரு நாணயத்தை, குத்திக்காசாகவே, மஞ்சள் துணியில் முடிந்து வைத்தா. மொத்தம் நான்கு. அந்த முடிச்சை அவிழ்க்காமல் அம்மனின் காலடியில் வைக்க வேண்டும். பல்கலைக்கழகம் முடித்த எனக்கு வவுனியாவில் வேலை கிடைத்திருந்தது. புதன்கிழமை கடமையேற்க வேண்டும். வற்றாப்பளையில் பொங்கல் என்றால் திங்கள். "வாற திங்கள் பொங்காமல் நீ புதன் போகேலாது," என்று அம்மா சொல்லிவிட்டா.

நேர்த்தி வைத்த காலத்தில் எங்கள் ஒழுங்கையிலேயே மூன்று வண்டில்கள் நின்றன. இப்போது எல்லோரிடமும் லாண்ட்மாஸ்டர் உழவு மிசின். விசாரித்து விசாரித்துக் கடைசியில் முள்ளிவாய்க்கால் பக்கம் ஒருவரைப் பிடித்தேன். வலையும் கருவாடும் ஏற்றுகிற வண்டில். வேதக்காரர், கத்தோலிக்கர். சனிக்கிழமை பின்னேரமே வந்து சேர்ந்துவிட்டார். ஒரு மாதமாக மரக்கறிச் சாப்பாட்டோடு இருந்த அம்மா, மஞ்சள் தண்ணீர் தெளித்து, சாணி கரைத்து மெழுகி, திரும்பவும் மஞ்சள் தண்ணீர் தெளித்தா.

"மச்சாள், எவ்வளவு கழுவினாலும் இது மீன் பொங்கல்தான்," என்றா மாமி.

"அக்கா, கருவாடு ஏத்தி ஆறு மாசம்," என்றார் வண்டில்காரர். "இப்ப மணக்கிறது நான்."

ஞாயிறு விடியப் புறப்பட்டோம். ஒட்டுசுட்டான் வீதியில் நான் எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். பாலைமர நிழலில் இத்தனை சிறு கோயில்கள் இருப்பது அன்றுதான் தெரிந்தது. ஒரு கல்லும் ஒரு சூலமும் மட்டும் உள்ள கோயில்கள். சில இடங்களில் கல் மட்டும். அம்மா ஒவ்வொன்றுக்கும் இருந்த இடத்திலேயே கும்பிட்டா. வண்டிலின் வேகம் அதற்குப் போதுமாக இருந்தது.

மாடுகள் முதன்முதலாக நின்றது அந்தோனியாரிடம். வீதியோரம் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சுருவம், வர்ணம் பூசிய சின்னச் சிலை, கீழே தகர உண்டியல். வண்டில்காரர் இறங்கி, சிலுவை போட்டு, உண்டியலில் ஒரு குத்தியைப் போட்டார். பிறகு மாடுகளுக்கு ஆளுக்கொரு பிடி பிண்ணாக்கு கொடுத்தார். மாடுகள் தாமாக நடந்தன.

"முறிகண்டிப் பிள்ளையாரடியில எல்லாப் பஸ்ஸும் நிக்கிற மாதிரித்தான் தம்பி," என்றார். "எங்க சுருவம் கண்டாலும் நிப்பினம். என்னைவிட வேதம் கூட."

"பிண்ணாக்குக்கு நிக்குதுகள்," என்றா மாமி.

நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அன்றிரவு ஒட்டுசுட்டான் சிவன் கோயில் மடத்தில் படுத்தோம். குரக்கன் அறுத்த அடித்தாளுக்கு ஒருவன் நெருப்பு வைத்தபோது அதற்குள் லிங்கம் தோன்றியதாகச் சொல்லுகிற கோயில். பள்ளிக்கூடத்தில் சுற்றுலா வந்தபோது அதைக் கொப்பியில் எழுதிப் புள்ளி வாங்கியிருக்கிறேன். இந்த முறை மாலைப் பூசை முழுவதும் சும்மா இருந்தேன். எழுதுவதற்கு ஒன்றும் இல்லாமல் கோயிலில் இருப்பது நன்றாகத்தான் இருந்தது.

திங்கள் விடிய நான்கு மணிக்குப் புறப்பட்டோம். மத்தியானப் பூசைக்கு முன் பானை பொங்க வேண்டும். முள்ளியவளை நெருங்கும்போது வண்டில்காரரின் போன் அடித்தது. மச்சான்காரன். கரைவலையில் மீன் பாரமாம், இழுக்க ஆள் காணாதாம்.

"அக்கா, இப்பிடி வலை ஆறு மாசத்துக்கு ஒருக்காத்தான். மாடுகளுக்கு வழி தெரியும். தம்பி கயித்தைச் சும்மா பிடிச்சால் காணும்," என்றவர், எதிரே வந்த மோட்டார் சைக்கிளை மறித்து ஏறிப் போய்விட்டார்.

கொஞ்சத் தூரம் நன்றாகத்தான் போயிற்று. ஒரு சந்தியில் மாடுகள் நின்றன. கண்ணாடிப் பெட்டி, அந்தோனியார், உண்டியல்.

நான் இறங்கிப் பிண்ணாக்கு கொடுத்தேன். தின்றன. அசையவில்லை. இன்னொரு பிடி கொடுத்தேன். அதையும் தின்றன. வாலை முறுக்கினேன், கெஞ்சினேன். அந்த வழியால் லாண்ட்மாஸ்டரில் வந்த ஒருவர், "கட்டி இழுக்கட்டோ?" என்றார்.

"வேண்டாம்," என்று அம்மா வண்டிலில் இருந்தபடியே சொன்னா. "மிசின் பட்டால் அது வண்டிலில வந்ததாகாது."

மணி ஒன்பதரை. அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

"காசு போடன்," என்றா மாமி.

என்னிடம் இருந்தது நூறு ரூபாய்த் தாள். உண்டியலுக்குள் தள்ளினேன். மாடுகள் அந்தோனியாரைப் பார்த்தபடியே நின்றன.

"தாள் சத்தம் போடாதடா," என்றா மாமி. "கம்பஸிலை என்னத்தைப் படிச்சனி?"

அப்போதுதான் விளங்கியது. அவை காத்திருந்தது தகரத்தில் குத்தி விழும் சத்தத்துக்கு. சட்டைப்பையைத் தடவினேன், மாமி பேர்ஸைக் கொட்டினா. ஒரு குத்தியும் இல்லை. மூன்று பேரும் ஒரே நேரத்தில் அம்மாவின் மடியைப் பார்த்தோம். மஞ்சள் முடிச்சு அங்கே இருந்தது.

 அம்மா வற்றாப்பளைப் பக்கம் திரும்பி ஒருமுறை கும்பிட்டு, முடிச்சைப் பல்லால் இழுத்து அவிழ்த்தா. இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய், இரண்டு பத்து ரூபாய். இரண்டு ரூபாயை எடுத்தா.

"இது எந்தச் சோதனைக்கு?" என்று கேட்டேன்.

"அஞ்சாம் வகுப்பு ஸ்கொலர்ஷிப். அகதி முகாமால வந்து தகரக் கொட்டிலில இருக்கேக்கை முடிஞ்சது." என்னைப் பார்த்தா. "அதில நீ பாஸ் பண்ணேல்லைத்தானே. அம்மாளாச்சிக்கு இதில பங்கு இல்லை."

இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, தானே போட்டா. டங் என்றது. நான் கயிற்றைப் பிடிக்க முதலே மாடுகள் நடக்கத் தொடங்கின. அம்மாவை ஓடி ஓடித்தான் ஏற்றினோம்.

பதினொரு மணிக்குப் பானை பொங்கி வழிந்தது. அம்மா மூன்று காசைத் திரும்ப முடிந்து அம்மன் சந்நிதியில் வைத்து, நெடுநேரம் ஏதோ சொன்னா. கணக்குச் சொன்னாவா, நன்றி சொன்னாவா தெரியாது. திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது. "நீ புதன் போ," என்றா.

வண்டில்காரர் பின்னேரம் வந்தார். மீன் பிடித்த கை என்று மதிலுக்கு வெளியே நின்றுகொண்டார். அம்மா வாழையிலையில் பொங்கல் கொண்டுபோய்க் கொடுத்துக் கூலி கேட்டா.

"பாதியில இறங்கினவனுக்கு என்ன கூலி அக்கா? இன்னும் கொஞ்சம் பொங்கல் வையுங்கோ."

எவ்வளவு சொல்லியும் வாங்கவில்லை. திரும்பி வந்த பஸ் காசையும் மாமிதான் கொடுத்தா, தன் பங்கு நேர்த்தி என்று. வீட்டுக்கு வந்ததும் அப்பா நெல்லைக் கிளறியபடி கேட்டார்.

"முழுக்க எவ்வளவு செலவு முடிஞ்சுது?"

அம்மா யோசிக்கவேயில்லை. "நூற்றிரண்டு ரூபாய்," என்றா.