பின்னால் பிடித்தவர்

கண்ணாடிக்காரரின் மச்சான் கடையை விட்டுப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. வலது முன்கையில் பெரிய கட்டு, அதைத் தாங்கக் கழுத்திலிருந்து ஒரு துணித் தொட்டில். அலமாரியிலிருந்த, கண்ணாடி வெட்டும் தன் வைரமுனைக் கத்தியை இடது கையால் எடுத்துப் பைக்குள் போடப் பார்த்தான். அது நழுவிக்கொண்டே இருந்தது. கண்ணாடிக்காரர் உதவப் போனார்.

"வேண்டாம் மாமா. நீங்க பிடிச்ச வரைக்கும் போதும்."

"வழுக்கிடுச்சுடா மச்சான். வேணும்னா செஞ்சேன்?"

"கண்ணாடின்னா வழுக்கும். அதுக்கு யாரு கோவிச்சா? கை பிடிக்கலைன்னு தெரிஞ்சும் வாய் 'இருக்கு'ன்னு சொல்லிச்சு பாருங்க, அதுக்குத்தான்."

பையின் ஜிப்பைப் பல்லால் கடித்து இழுத்து மூடினான். அக்காள் புருஷன் முகத்தைப் பார்க்காமலே தெருவில் இறங்கிப் போனான்.

ஆளுயரக் கண்ணாடியை இரண்டு பேர் தூக்கிப் போகும்போது முன்னால் போகிறவன் திரும்பிப் பார்க்க முடியாது. மாடிப்படி வந்தால் "படி" என்று குரல் கொடுப்பான். பின்னால் இருப்பவன் தன் பிடியைச் சரிபார்த்து "இருக்கு" என்பான். அதற்குப் பிறகுதான் கால் எழும்பும். பதில் வராவிட்டால் முன்னால் இருப்பவன் சிலை மாதிரி நின்றுவிடுவான். மாமனும் மச்சானும் முறைத்துக்கொண்டு திரிந்த நாட்களில்கூட அந்த இரண்டு சொற்கள் மட்டும் தவறியதில்லை.

கண்ணாடிக்காரருக்குக் கொஞ்ச காலமாகவே காலையில் எழுந்தால் விரல்கள் இரவல் வாங்கியவை போல இருந்தன. கணுக்கள் வீங்கிச் சூடாகி, மடக்கினால் மடங்காது. வெந்நீரில் கையை ஊறவைத்து, சட்டைப் பொத்தானை மனைவியிடம் போடச் சொல்லி நிற்பார். "கல்யாணமான புதுசுலகூட நீங்க என் முன்னாடி இப்படி ஆடாம அசையாம நின்னதில்ல" என்பாள் அவள். இருவரும் சிரிப்பார்கள். கடையில் யாரிடமும் சொல்லவில்லை. கை போச்சு என்று பேர் வந்துவிட்டால் கண்ணாடிக்காரனை எவன் கூப்பிடுவான்?

டாக்டரம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். "இது முடக்குவாதம். காவலுக்கு வெச்ச ஆளே வீட்டுக்குள்ள புகுந்து சாமானை உடைக்கிற மாதிரி, உடம்பே மூட்டைத் தாக்குது. மாத்திரை தர்றேன். ஆனா சிகரெட்டை நிறுத்தணும். அது நோயையும் கிளப்பும், மாத்திரை வேலை செய்யறதையும் கெடுக்கும்."

"நெஞ்சுக்குக் கெடுதின்னா ஒத்துக்கறேன். புகை என்ன விரலுக்குள்ளயா போகுது? சிகரெட் பிடிக்கிற இந்த ரெண்டு விரல்லதான் டாக்டரம்மா எனக்கு வலியே இல்ல."

"அந்த ரெண்டு விரலால கண்ணாடி தூக்குவீங்களா?"

அடுத்த முறை போனபோது டாக்டரம்மா கேட்பதற்கு முன்பே, "விட்டுட்டேன்" என்றார். சொன்ன கையோடு ஆஸ்பத்திரி மதிலுக்குப் பின்னால் நின்று ஒன்றைப் பற்றவைத்தார்.

அப்புறம்தான் அந்த அலுவலகக் கட்டட வேலை வந்தது. மாடிக் கூட்ட அறைக்கு ஒரு தடித்த கண்ணாடி. காலை நேரம். விரல்கள் இன்னும் சரியாக மடங்கத் தொடங்கவில்லை. கொஞ்சம் பொறுத்துத் தூக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தார். மச்சான் அதற்குள் முன்விளிம்பைப் பிடித்துவிட்டான்.

"படி."

"இருக்கு."

முதல் சுற்றுவரை சரியாகத்தான் போனது. திருப்பத்தில் எடை முழுக்கப் பின்னால் சாய்ந்தது. இடது கைப் பெருவிரல் தானாகத் திறப்பதை அவரே கண்ணால் பார்த்தார். வலி இல்லை, பிடி மட்டும் இல்லை.

"படி."

வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் போதும். மச்சான் நின்றிருப்பான், கண்ணாடியைப் படியோரம் சாய்த்திருக்கலாம். ஆனால் இத்தனை வருஷப் பழக்கத்தில் நாக்கு முந்திக்கொண்டது.

"இருக்கு."

மச்சான் காலைத் தூக்கினான். கீழ்மூலை படிவிளிம்பில் இடித்தது. கண்ணாடி நீளவாக்கில் பிளந்து, மேல் துண்டு அவன் முன்கை வழியாக இறங்கியது. அவன் கத்தவில்லை. வெள்ளைச் சுவரில் தெறித்த சிவப்பைப் பார்த்துக் கத்தியது கண்ணாடிக்காரர்தான்.

மச்சான் போன அடுத்த வாரம் டாக்டரம்மா முன்னால் புருஷனும் பெண்டாட்டியுமாக உட்கார்ந்திருந்தார்கள். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டரம்மாவின் நெற்றி சுருங்கியது.

"சிகரெட்டையும் விட்டுட்டீங்க, மாத்திரையும் ஒழுங்கா சாப்பிடறீங்க. அப்படியும் வீக்கம் ஏறுதுன்னா இந்த மாத்திரை உங்களுக்குக் கேக்கலைன்னு அர்த்தம். இதை நிறுத்திட்டு ஊசிக்குப் போகணும். அதுல கிருமித் தொற்று வர்ற பயம் கொஞ்சம் கூடுதல். எழுதறதுக்கு முன்னாடி ஒரு தடவை கேட்டுக்கறேன். சிகரெட் சுத்தமா இல்லதானே?"

நாக்கு நுனிவரை பதில் வந்துவிட்டது. பக்கத்தில் மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சட்டையைத் துவைக்கிறவளுக்கு எல்லாம் தெரியும். அவள் காட்டிக்கொடுக்கவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை. டாக்டரம்மாவின் பேனா தாளுக்கு மேலே நின்றது. கண்ணாடிக்காரர் பல்லை இறுக்கிக்கொண்டார்.

"விடல டாக்டரம்மா. ஒரு நாள்கூட விடல."

மனைவி திரும்பினாள். "இதைச் சொல்ல என் தம்பி கை போக வேண்டியிருந்ததா?"

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். திட்டவில்லை. "நல்லவேளை. ஒரு பாவமும் செய்யாத மாத்திரையை நிறுத்தப் பார்த்தேன். சிகரெட்டை விட்டா கை பழையபடி ஆயிடும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். விடாத வரைக்கும் எந்த மருந்தும் முழுசா வேலை செய்ய வழியில்ல. தனியா பல்லைக் கடிச்சுக்கிட்டு விடச் சொல்லல. சிகரெட் ஏக்கத்தைத் தணிக்கத் தோல்ல ஒட்டிக்கிற பட்டை இருக்கு, பேசி உதவுறவங்க இங்கயே இருக்காங்க. நீங்க உண்மையை மட்டும் சொல்லிக்கிட்டு வாங்க."

விட்டது ஒன்றும் சுலபமாக நடக்கவில்லை. வாடிக்கையாளர்மேல் எரிந்து விழுந்தார். அளவைத் தப்பாகக் குறித்துக் கண்ணாடியை வீணாக்கினார். மனைவி சோறு போட்டாள், பொத்தான் போட்டாள், பேச்சு மட்டும் இல்லை. ஒரு நாள் கடையிலிருந்து வந்து வாசலிலேயே நின்றுகொண்டார்.

"இன்னிக்கு ஒண்ணு பிடிச்சுட்டேன்."

"எனக்கு மூக்கு இருக்கு."

"தெரியும். இருந்தாலும் நானே சொல்லணும்னு தோணுச்சு."

"கையைக் கழுவிட்டு உள்ள வாங்க" என்றாள். அன்றைக்குப் பிறகு அவர் சிகரெட்டைத் தொடவில்லை.

வீக்கம் மெல்ல வடிந்தது. ஊசி வேண்டியிருக்கவில்லை. பொத்தானைத் தானே போட்டுக்கொள்ள முடிந்தது. இடது ஆள்காட்டி விரல் கோணியது கோணியதுதான். கடை மேசையில் புகைப்படச் சட்டத்துக்கான சின்னக் கண்ணாடிகளை வெட்டிக் காலத்தை ஓட்டினார். மாடிவேலை என்று கேட்டு வருகிறவர்களை வேறு கடைக்கு அனுப்பினார். மச்சானுக்கு எத்தனையோ முறை போன் செய்து பார்த்தார். அவன் எடுக்கவே இல்லை.

வருஷம் ஒன்று கழிந்து, அடுத்ததும் பாதி போயிருந்தது. ஒரு மத்தியானம் கண்ணாடி விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. கையைத் துடைத்துக்கொண்டு, வந்திருந்த செய்தியைப் படித்தார்.

"மாமா, சுண்டு விரல் இன்னும் மரத்துத்தான் இருக்கு. கோவமும் முழுசா போகல. நீங்க சிகரெட்டை விட்டதையும், நடுவுல ஒரு நாள் பிடிச்சுட்டு நீங்களே வந்து சொன்னதையும் அக்கா சொன்னா. ஒரு பள்ளிக்கூடத்துல ஜன்னல் வேலை எடுத்திருக்கேன். எல்லாம் சின்னக் கண்ணாடி, ஆளுக்கு ஒண்ணாத் தூக்கலாம். பெருசு இப்போதைக்கு வேண்டாம். காலையில உங்க கை எத்தனை மணிக்கு மடங்கும்னு உள்ளதைச் சொல்லுங்க. அதுக்கு அப்புறம் ஆரம்பிப்போம்."