பாம்பு உருண்ட வேட்டி

விலங்கியல் படித்தவனை எதற்கெல்லாம் கூப்பிடுவார்கள்?

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன் நான். எம்.எஸ்சி. விலங்கியல். விளைவு — தெருவில் ஆடு செருமினால் என்னைக் கூப்பிடுவார்கள். மாடு கன்று போட முக்கினால் என்னைக் கூப்பிடுவார்கள். நான் மாட்டு டாக்டர் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. "பின்ன என்னத்ததான் படிச்ச?" என்கிறார் அப்பா. நியாயமான கேள்விதான்.

போன ஞாயிற்றுக்கிழமை பெண் கேட்பதற்குக் கூப்பிட்டார்கள்.

கூப்பிட்டவன் ராஜ்குமார். என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். ஜெயங்கொண்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். அதே பள்ளியில் தமிழ் நடத்தும் சத்யாவும் அவனும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். சாதி வேறு. இரண்டு வீட்டுக்கும் விஷயம் தெரியும். சத்யா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்: "எங்கப்பா வாயால சரின்னு வரணும். ஓடிப்போறதெல்லாம் எனக்கு ஆகாது. அவரு முடியாதுன்னா இத்தோட சரி."

அந்த அப்பா ஒரே ஒருமுறை பேச வரச் சொல்லியிருந்தார். ராஜ்குமார் வீட்டில் பயந்துகொண்டு யாரும் கிளம்பவில்லை.

"நீ வாடா. நீதான் நல்லாப் பேசுவ. பேப்பர்லல்லாம் எழுதுற."

பாவம்... இப்படிச் சொன்னதற்காக அன்றைக்கே நொந்துபோனான்.

மீன்சுருட்டிப் பக்கம் வீடு. சத்யாவின் அப்பா கலியபெருமாள் முந்திரித் தோப்புக்காரர். அவர் வீட்டை ஒட்டினாற்போல இன்னொரு வீடு. நடுவே ஆள் உயரத்துக்குப் புதுச் சுவர்.

"அது என் தம்பி வூடு. தோப்பு வரப்புக்காகக் கேஸ் நடக்குது. பேச்சுவார்த்தை கிடையாது" என்றார், ஊரின் சிறப்பைச் சுற்றிக் காட்டுகிறவர் மாதிரி.

உட்கார்ந்தோம். சத்யா டீ கொண்டு வந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். ராஜ்குமார் அவரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் மொட்டையாகவே பேசிக்கொண்டிருந்தான். தொண்டைவரை வந்த 'மாமா'வை டீயோடு சேர்த்து விழுங்குவதை நான் கண்ணால் பார்த்தேன்.

கலியபெருமாள் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"படிப்பு சரி. வேலை சரி. பையனும் தங்கமான பையன்னு விசாரிச்சேன். ஆனா நாங்க வேற, நீங்க வேற. என் பங்காளிங்களுக்கு நான் பதில் சொல்லணும்ல?"

இந்த இடத்தில் சும்மா இருப்பவன் புத்திசாலி. நான் விலங்கியல் படித்தவன்.

"ஐயா, 'வேற'ங்கிறதுக்கு உயிரியல்ல ஒரு கணக்கு இருக்குங்க. ரெண்டு உயிர் சேர்ந்து குட்டி போட்டு, அந்தக் குட்டிக்கும் குட்டி பொறந்தா அது ஒரே இனம். இப்ப, குதிரையும் கழுதையும் சேந்துச்சுன்னா கோவேறு கழுதை பொறக்கும். ஆனா அதோட வம்சம் அங்கயே நின்னுரும். அதனால ரெண்டும் வேற..."

மேஜைக்கடியில் ராஜ்குமார் என் காலை மிதித்தான். கலியபெருமாள் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்ப எம் பொண்ணு குதிரையா, கழுதையா தம்பி?"

யோசித்துப் பாருங்கள். எது சொன்னாலும் அடி விழும்.

உதாரணத்தை மாற்றினேன். உருவத்தை வைத்து உறவைச் சொல்ல முடியாது, முதலைக்கு ஓணானைவிடக் கோழிதான் நெருங்கிய சொந்தம் என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். பெண் கேட்க வந்த இடத்தில் கழுதை, கோழி என்று ஒரு பண்ணையையே இறக்கிக்கொண்டிருந்தால் யார்தான் பொறுப்பார்கள்?

"உங்க புஸ்தகம் ஆயிரம் சொல்லட்டும் தம்பி. வேற வேற இனம் சேராதுங்கிறியா? நான் பாத்திருக்கேன். எங்க தோப்புல, பட்டப்பகல்ல. சாரையும் நல்லபாம்பும் ஆள் உசரத்துக்கு எந்திரிச்சுப் பின்னிப் பெணஞ்சு நின்னுச்சு. சாரைதான் ஆம்பள, நல்லபாம்பு பொம்பள. ஊருக்கே தெரியுமே! சத்யா, அந்த வேட்டிய எடுத்துட்டு வா."

பாம்புகள் பிணைவதைப் பார்த்தால் மேலே வெள்ளை வேட்டியை வீசுவது எங்கள் பக்கத்து வழக்கம். பாம்புகள் உருண்ட வேட்டி வீட்டில் இருந்தால் அதிர்ஷ்டம். பீரோவிலிருந்து வந்த வேட்டி மஞ்சள் பைக்குள் பத்திரமாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஒரு ஓரத்தில் செம்மண் கறை.

"துவைக்கக்கூட இல்ல. இவ கல்யாணத்தன்னிக்குக் கட்டணும்னு வச்சிருக்கேன்."

அடுக்களையிலிருந்து சத்யாவின் அம்மா குரல் வந்தது.

"ஏங்க, சாரைக்கும் நல்லபாம்புக்கும் பொருத்தம் பாத்து வேட்டி வீசுனீங்க. பெத்த பொண்ணுக்கு மட்டும் என்னவாம்?"

கலியபெருமாள் தடுமாறினார். அவருடைய சாட்சியே அவருக்கு எதிராகத் திரும்பிவிட்டது. ராஜ்குமார் முகத்தில் வெளிச்சம். "பாம்புக்குப் பங்காளி இல்லடி" என்றார் கலியபெருமாள் மெதுவாக. அந்தக் குரலில் பாதி ஆள் இறங்கி வந்துவிட்டது தெரிந்தது.

பிறகு வேட்டியைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீ இதப் படிச்சவன். சொல்லு. நான் பாத்தது சாரையும் நல்லபாம்பும்தானே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். கதவோரம் சத்யா கண்ணாலேயே கும்பிட்டாள். ராஜ்குமார் மூச்சு விடவில்லை. நானும் ஆமாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"படம் எடுத்துச்சாங்க ஐயா?"

"கல்யாண நேரத்துல அது எதுக்குப் படம் எடுக்குது?"

அதற்குமேல் என்னால் முடியவில்லை. இரண்டு வருஷம் ஹாஸ்டல் சாப்பாடு சாப்பிட்டுப் படித்த படிப்பு உள்ளேயிருந்து முட்டியது.

"இல்லீங்க ஐயா. ரெண்டுமே சாரை. ரெண்டுமே ஆம்பள. அது கல்யாணம் இல்லீங்க, சண்ட. பொண்ணுக்காக, யாரு பெரியவன்னு மல்லுக்கட்டுறது. நல்லபாம்பு சாரையோட சேராதுங்க. பசிச்சா ஒருவேள முழுங்கும்."

சத்யா தலையைக் குனிந்துகொண்டாள். ராஜ்குமார் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது, இது குடும்பத்தோடு படிக்கிற பத்தி.

கலியபெருமாள் கறையையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் கல்யாணத்துக்கென்று வருஷக்கணக்காகப் பூட்டிவைத்த அதிர்ஷ்டம்...

"அப்ப இது பங்காளிச் சண்டையில ஆன அழுக்கா?"

"அப்படித்தாங்க ஐயா."

அடுக்களையிலிருந்து மறுபடி அந்தக் குரல்.

"இந்த வூட்டுல எல்லா வேட்டியும் அப்படித்தான அழுக்காவுது!"

முதலில் சிரித்தது சத்யா. சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கலியபெருமாள் முறைத்தார். பிறகு அவருக்கே தோள் குலுங்கியது.

சிரித்து முடித்துவிட்டுக் கேட்டார். "ஏன் தம்பி, ஒரே இனத்துக்குள்ளதான் இப்படி அடிச்சுக்குமா?"

இந்த முறை யோசித்து, கழுதை கோழி எதுவும் இல்லாமல் சொன்னேன்.

"பெரும்பாலும் ஆமாங்க. ஒரே எடம், ஒரே தீனி, ஒரே பொண்ணு வேணும்னு நிக்கிறவன்தானே மோதுவான்? பரிணாமத்துல வேத்து ஆளவிடச் சொந்தக்காரந்தாங்க பெரிய போட்டி."

அவர் பக்கத்துச் சுவரைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்திருப்பார்கள்.

"நம்மள கோர்ட்டுல நிறுத்துனவனுக்குப் பதில் சொல்லணும்னு எம் பொண்ண அழவிடப் பாத்தேன்" என்றார், சுவருக்கும் கேட்கிற சத்தத்தில். பிறகு ராஜ்குமார் பக்கம் திரும்பினார்.

"ஏம்ப்பா, வந்ததுலேர்ந்து பாக்குறேன். என்னை எதுவுமே சொல்லிக் கூப்பிடாம பேசுறியே, ஏன்?"

ராஜ்குமார் வேர்த்துப்போனான். "என்னன்னு... கூப்பிடுறதுன்னு தெரியலீங்க."

"மாமான்னு கூப்பிட்டுத் தொல."

ஆவணியில் கல்யாணம். வாசல்வரை வந்து வழியனுப்பிய கலியபெருமாள், என்னிடம் மட்டும் ஒரு நிபந்தனை போட்டார். "நீயும் வரணும் தம்பி. ஆனா பந்தியில வாயச் சாப்பிட மட்டும் தொற."

வேட்டியை அன்று சாயந்திரமே ஊறப்போட்டார்களாம். வெளுத்துவிட்டது, கறை மட்டும் போகவில்லை என்று சத்யா போன் பண்ணினாள்.

பங்காளிக் கறை... அவ்வளவு லேசில் போகுமா?