பச்சைக் கண்

சுருகா வளைகுடாக் கரையில் இருந்த கடல் ஆய்வு நிலையத்தில் இகுயோ படம் வரைகிறவளாகச் சேர்ந்தபோது உலகப் போர் முடிந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. பேராசிரியர் சவாமுரா மீனின் வயிற்றைக் கீறித் திறப்பார். உள்ளே இருப்பதை அவள் கவராயத்தால் அளந்து, மெல்லிய பேனாவால் புள்ளி புள்ளியாக வைத்து வரைவாள். ஒரு சுறாவின் கல்லீரலுக்கு நாலு நாள், செவுளுக்கு ஒரு வாரம். பேராசிரியர் போட்டிருந்த கட்டளை ஒன்றே ஒன்று: "கண்ணு முன்னால இருக்கிறதை வரை. கேள்விப்பட்டதை வரையாதே."

ஆழ்கடல் சுறா ஒன்றை வண்ணத்தில் தீட்டி உலர வைத்திருந்த அன்று, நிலையத்துக்குச் சுறா கொண்டுவரும் மீனவர் கன்ஜிரோ அதன் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"அச்சு அசலா இருக்கு. ஆனா செத்தவனோட படம்மா இது."

"ஏண்ணே அப்படிச் சொல்றீங்க?"

"கண்ணைப் பாரேன், வெந்த மீன் மாதிரி வெள்ளையா. கடல்லேருந்து மேல வரும்போது அது பச்சையா எரியும். கரைக்கு வர்றதுக்குள்ள அவிஞ்சுடும்."

அந்தக் கண்ணை இகுயோ இருபது தடவையாவது குறுக்குவெட்டாக வரைந்திருக்கிறாள். ஆனால் அது தன்னை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அதன்பிறகு வேலை ஓடவில்லை. உடைந்த பாட்டில் துண்டு, தேயிலைக் கொழுந்து, கடற்பாசி என்று எதையாவது எடுத்துக்கொண்டு துறைக்குப் போய், "இந்தப் பச்சையா?" என்பாள். கன்ஜிரோ தலையை ஆட்டுவார். "இது இல்லை."

"அப்ப என்னைப் படகில கூட்டிட்டுப் போங்க."

"படகுத் தெய்வம் பொம்பளை. இன்னொரு பொம்பளை ஏறினா பொறாமைப்படும்."

வலை தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி ஓரியே நிமிர்ந்தாள். "போன மாசம் நான் ஏறித் தளத்தைக் கழுவினேனே, அப்ப பொறாமை வரலையா?"

"உன்னைப் பாத்தா அதுக்குத் தன் அழகு மேல நம்பிக்கைதான் வரும்."

"கேட்டியா இகுயோ, பேச்சை! நாளைக்குக் காலையில நீ ஏறு. இந்த மனுஷன் என்ன சொல்றார்னு நான் பாத்துக்கறேன்."

மறுநாள் கரை மறைவதற்கு முன்பே இகுயோவுக்குக் குமட்டியது. வெயில் ஏறியதும் தூண்டில் கயிற்றை இழுக்கத் தொடங்கினார்கள். கொக்கிகள் வெறுமையாகவே வந்துகொண்டிருந்தன. கடைசியில் ஒரு சுறா வந்தது. கன்ஜிரோ அதைப் பக்கவாட்டில் புரட்டிப் பிடித்தார்.

பச்சை. அவள் கொண்டுபோன எதிலும் இல்லாத பச்சை, உள்ளிருந்து வருவது போல. அவள் அசைந்தபோது அதுவும் அசைந்தது. தன்னைத்தான் பார்க்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. அவசரமாக வண்ணத்தைக் குழைத்துத் தாளில் மூன்று கீற்று இழுத்தாள். மூன்றும் தப்பு. நாலாவதற்குத் தூரிகையை நனைப்பதற்குள் கண் மங்கிவிட்டது.

சவாமுரா அந்தத் தாளை மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "நீயே பாத்தியா?"

"பாத்தேன் ஐயா. ஆனா இது அந்தப் பச்சை இல்லை."

"பாத்ததுக்குப் பக்கத்துல வந்திருக்கில்ல. நம்ம சுறாப் புத்தகத்துல போடு."

புத்தகத்தில் சுறாவின் கண் பச்சையாக வந்தது. எல்லாரும் பாராட்டினார்கள். இகுயோவுக்கு மட்டும் அந்தப் பக்கத்தைத் திறக்கவே பிடிக்கவில்லை.

அதன்பிறகு வருடத்துக்கு ஒரு தடவை, படகைத் தண்ணீருக்கு இறக்கும் வசந்தத்தில், விடுப்பு எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனாள். குமட்டல் நிற்கவில்லை. வண்ணக் கீற்றுகள் ஒரு பெட்டி நிறையச் சேர்ந்தன. "இன்னும் வரையணுமா?" என்று ஓரியே கேட்டபோது, "வரையறதுக்கு இல்லைக்கா. இன்னும் கொஞ்ச நேரம் அது என்னைப் பாக்காதான்னு இருக்கு" என்றாள்.

கன்ஜிரோ படகை விற்கப்போகும் வருடம் வந்தது. அன்று ஏறிய சுறா முரடு, வாலால் பலகையை அறைந்தது. இகுயோ தாளை எடுக்கவே இல்லை.

"அண்ணே, இதை விட்டுடுங்க."

"முப்பது வருஷமா ஒண்ணையும் விட்டதில்லை நான்," என்று முனகிக்கொண்டே கொக்கியைப் பிடுங்கினார். "சின்னது. கல்லீரல்ல எண்ணெய் தேறாது. அதான் விடறேன், உனக்காக இல்லை."

சுறா தண்ணீரில் ஒரு கணம் அசையாமல் கிடந்தது. பிறகு புரண்டு, தலைகீழாக இறங்கியது. இகுயோ படகின் விளிம்பில் வயிற்றை அழுத்திக்கொண்டு குனிந்து பார்த்தாள். பச்சை இரண்டு ஆள் ஆழம் வரை தெரிந்தது. அதன் பின்னும் அவள் வெகுநேரம் நிமிரவில்லை. கன்ஜிரோவும் இயந்திரத்தைக் கிளப்பவில்லை.