அக்கா ஊரா, தங்கச்சி ஊரா?

எல்லையம்மாளை இந்த உலகம் பெரும்பாலும் "கொஞ்சம் தள்ளி" என்றே கூப்பிட்டிருக்கிறது. நாகப்பட்டினம் பக்கத்துக் கடற்கரையில் பிறந்தவள். விடிவதற்குள் மீன் கூடையோடு பஸ் ஏறினால் கண்டக்டர், "கவிச்சி அடிக்குது, கொஞ்சம் தள்ளி" என்பார். டெல்டாவின் நடுவே ஓர் ஊரில் (பெயர் வேண்டாம், நகராட்சித் தலைவர் கோபித்துக்கொள்வார்) கடைத்தெரு முனை வேம்படியைப் பிடித்து உட்கார்ந்த பிறகுதான் தள்ளுவார் இல்லை. அந்த நிழலில் உட்கார்ந்தே மகளைக் கட்டிக்கொடுத்தாள், கூரையை மாற்றி ஓடு போட்டாள்.

அந்த நிழலுக்குத்தான் ஜப்பானிலிருந்து ஆபத்து வந்தது.

அங்கே ஏதோ ஒரு மீன்பிடித் துறைமுகமும் இந்த ஊரும் சகோதரி நகரங்களாகிவிட்டனவாம். விருந்தாளிகள் வருகிறார்கள். அலங்கார வளைவு எழுந்தது. பிளீச்சிங் பவுடரில் கோலம் போடாததுதான் குறை. நகராட்சி மேஸ்திரி பஞ்சநதம் தலையைச் சொறிந்தபடி வந்தார்.

"அக்கா, ரெண்டு நாளைக்கு மட்டும் கொஞ்சம் தள்ளி..."

"பூக்காரி ராஜாத்தியையும் ரெண்டு நாளுன்னுதானே எழுப்புனீங்க? அவ எடத்துல இப்ப 'ஐ லவ்'னு செவப்பு லைட்டு எரியுது. அவ எங்க தம்பி?"

"சகோதரி ஊர்லேருந்து வர்றாங்கக்கா. நம்ம மானம்..."

"சகோதரின்னா? அக்காவா, தங்கச்சியா?"

பஞ்சநதம் ஆபீசில் கேட்டுவிட்டு வந்தார். "இங்கிலீஷ்ல ரெண்டும் ஒண்ணுதானாம்."

"அக்கான்னா ஒரு மரியாதை, தங்கச்சின்னா ஒரு சீரு. அதுகூடத் தெரியாம என்ன ஒறவு இது?"

நியாயந்தான். ஜப்பானியரிடமும் அக்காவுக்கு ஒரு சொல், தங்கைக்கு வேறொரு சொல் உண்டு. நடுவில் புகுந்த இங்கிலீஷ்தான் குடும்பத்தைக் குழப்பியது.

அவள் எழவில்லை. அவள் முன்னால் பச்சை வலையைக் கட்டி மறைத்தார்கள்.

"மீனத்தான் வலைக்குள்ள போடுவாங்க. மீன்காரியப் போட்ட மொத ஊரு இதுதான்!"

விருந்தாளிகள் வந்தார்கள். பொய்க்கால் குதிரை ஆடியது. எதற்கும் தலையாட்டும் தலைவர், எதற்கும் தலையாட்டும் பொம்மையைப் பரிசளித்தார். அப்போது வலைக்குப் பின்னாலிருந்து எழுந்தது குரல்:

"வஞ்சிரம், வவ்வாலு... கடல விட்டு இப்பத்தான் வந்துச்சு, வாங்கம்மா!"

ஜப்பானிய அம்மாள் ஒருவர் நின்று, என்னவென்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தலைவரைப் பார்த்தார்.

"எங்க கிராமியப் பாட்டு" என்றார் தலைவர்.

விருந்தாளிகள் வலையைப் பார்த்துக் கைதட்டினார்கள். மீனாலேயே பிழைக்கும் ஊர்க்காரர்களை மீனுக்கு இவ்வளவு பக்கத்தில் கொண்டுவந்து, காலிஃபிளவர் சூப் குடிக்க அழைத்துப் போனார்கள். கலாச்சாரப் பரிமாற்றம் இனிதே முடிந்தது.

முடியவில்லை. அடுத்த வாரம் எல்லையம்மாள் பஸ்ஸைவிட்டு இறங்கியபோது, வேம்படியில் ஒரு கல்விளக்கும் பளபளவென்று ஒரு சிமெண்டு பெஞ்சும் இருந்தன. 'நட்புத் திடல்' என்று பலகை.

அவள் பலகையை ஏற இறங்கப் பார்த்தாள். சும்மாடைச் சரிசெய்துகொண்டாள். நேராகப் போய்ப் பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தாள். கூடையைக் கல்விளக்கில் சாய்த்து வைத்தாள்.

பஞ்சநதம் ஓடிவந்தார். "அக்கா, எந்திரிங்க! இது ஜப்பான்காரங்க ஞாபகார்த்தம்!"

"அவ எனக்கு அக்காவா, தங்கச்சியான்னு மொதல்ல கேட்டுட்டு வா."

"எதுக்குக்கா?"

"அக்கா எடம்னா உரிமையா ஒக்காருவேன். தங்கச்சி எடம்னா அதிகாரமா ஒக்காருவேன். எப்பிடி ஒக்காரணும்னு தெரியணும்ல?"

சொல்லிவிட்டு, பெஞ்சில் இன்னும் கொஞ்சம் தள்ளி, வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.