எதிர்வீட்டுக் கையெழுத்து

எங்கள் ஊர்க் கலையரங்கத்தை இடித்துக் கடைகள் கட்டப்போவதாகப் பஞ்சாயத்தில் சொன்னார்கள். வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடிக்கும் நான், அதை எதிர்த்து வீடு வீடாகக் கையெழுத்து வாங்கக் கிளம்பினேன். மூன்று வாரம் நடந்தேன். பூட்டிய கதவுகளும், ‘நாளைக்கு வாங்க’ என்ற பதிலும் என்னைச் சலிக்க வைத்துவிட்டன.

மிச்சமிருந்தது அரங்கத்துக்கு எதிர்வீட்டு நர்ஸ் ராணி. ஒலிபெருக்கிக்காக எங்களோடு பலமுறை சண்டை போட்டவள். அவளிடம் திட்டு வாங்க எனக்குத் தெம்பில்லை. அவள் பெயரை நானே எழுதி, கையெழுத்தும் போட்டு, மனுவைக் கொடுத்துவிட்டேன்.

விசாரிக்க வந்த அதிகாரி நேராக அவள் வீட்டுக்குப் போய், “இது உங்க கையெழுத்தா?” என்று கேட்டார். நானும் கூடப் போயிருந்தேன்.

ராணி என்னைப் பார்த்தாள். “இல்ல சார், நான் போடல்ல. பேனாவத் தாங்க.” நான் போட்டிருந்ததை அடித்துவிட்டுத் தன் கையெழுத்தைப் போட்டாள். “ராத்திரி டூட்டி முடிஞ்சு பகல்ல உறங்கணும். சத்தத்தக் கொறைக்கத்தான் சொன்னேன், பாட்ட நிறுத்தச் சொல்லல்ல.”

அதிகாரி மனுவை என்னிடமே திருப்பித் தந்து, எல்லாக் கையெழுத்தையும் புதிதாக வாங்கி வரச் சொல்லிவிட்டுப் போனார்.

“ஏன் அண்ணே, ஒரு வார்த்த வந்து கேக்கப்பிடாதா?” என்றாள் ராணி.

மறுபடி முதல் வீட்டிலிருந்து நடந்தேன். புது மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. அலுப்பும் தீரவில்லை. இத்தனை வருஷத்தில் ராணியிடம், ‘எங்க பாட்டு உனக்குப் பிடிக்குமா?’ என்று ஒருமுறைகூட நான் கேட்டதில்லை.