மஞ்சள் மாத்திரையும் என் வேட்டியும்

எங்கள் தோட்டத்துக்கு ஆராய்ச்சி ஒரு தகரப் பெட்டியில் வந்தது. கூடவே ஒரு வெள்ளைக்கார டாக்டரும் வந்தார். பெட்டியை நான்கு பேர் பிடித்துப் பத்திரமாக இறக்கினார்கள். டாக்டரை யாரும் கவனிக்கவில்லை. அவர் தானே குதித்து, முழங்கால் வரை சேற்றில் புதைந்து, அங்கேயே நின்றபடி எனக்குக் குட்மார்னிங் சொன்னார்.

சிங்கப்பூருக்கு வடக்கே கோத்தா திங்கிக்கு உள்ளே, ஆற்றைத் தாண்டி இருந்த ரப்பர் தோட்டம் அது. நான் அங்கே டிரஸ்ஸர். காயத்துக்குக் கட்டுப் போடுகிறவன் என்று பெயர். ஆனால் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு டாக்டரும் நான்தான், மருந்து கலக்குகிறவனும் நான்தான். பெரிய டாக்டர் மாதம் ஒருமுறை வந்து என்னைத் திட்டிவிட்டுப் போவார். மற்ற நாட்களில் என்னைத் திட்ட ஆளில்லாததால் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம்.

ரப்பர் விலை விழுந்து, தோட்டங்கள் ஆட்களைக் குறைத்து ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்த காலம். அடிக்கடி காய்ச்சலில் படுப்பவர்களின் பெயர்தான் பட்டியலில் முதலில் வரும். எங்கள் தோட்டத்திலோ மலேரியாக் காய்ச்சல் வராதவர் யார் என்று தேட வேண்டும்.

என் வீட்டிலும் அதே கதைதான். என் மனைவிக்கு அப்போது ஐந்தாம் மாதம். அதற்கு முன் இரண்டு முறை பிள்ளை தங்கவில்லை. இரண்டு முறையும் காய்ச்சலோடுதான் போயிற்று. இந்த மூன்றாவதும் போனால் அவள் எழுந்திருக்கவே மாட்டாள் என்று எனக்கு உள்ளூர உதறல். வெளியே காட்டிக்கொள்ளவில்லை. டிரஸ்ஸர் பயந்தால் தோட்டம் சிரிக்கும்.

அதனால் டாக்டர் பெட்டியைத் திறந்து, மலேரியாவுக்கு இப்போது கொடுக்கும் கொயினாவைவிடப் புதிய மருந்து ஒன்று வந்திருக்கிறது, அதை இங்கே பரீட்சித்துப் பார்க்கப்போகிறேன் என்றதும் எனக்கு அவர் காலில் விழலாம் போல் இருந்தது. நல்ல பளீர் மஞ்சளில் சின்னச் சின்ன மாத்திரைகள். மேட்டிலிருந்த கூலி வீட்டு வரிசையான மேல் லயத்துக்காரர்களுக்கு வழக்கம்போல் கொயினா, கீழ் லயத்துக்காரர்களுக்கு மஞ்சள் மாத்திரை. வாரம் ஒருமுறை எல்லார் விரலிலும் ஊசி குத்தி ரத்தம் எடுத்துக் கண்ணாடியில் தடவிப் பார்க்க வேண்டும். கீழ் லயத்துப் பட்டியலில் முதல் பெயராக என் மனைவியின் பெயரை நானே எழுதினேன். நாங்கள் கீழ் லயமே இல்லை. டாக்டரிடம் அதைச் சொல்லவில்லை.

எனக்குக் கொடுத்த வேலை, காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு முடிந்ததும் ஆளுக்கொரு மாத்திரை கொடுத்து, விழுங்க வைத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பது. தினமும் விடிந்ததும் கீழ் லயத்தின் அத்தனை வாயும் எனக்குத் தரிசனம். யார் வெற்றிலை, யார் சுருட்டு, யார் முந்தின நாள் கள் குடித்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். மாத்திரை எங்கே போயிற்று என்பதை மட்டும் கண்டுபிடிக்கத் துப்பில்லை. நாக்கின் அடியில் பார்த்தால் கன்னத்தில் இருந்திருக்கிறது. கன்னத்தில் பார்த்தால் விழுந்துபோன கடைவாய்ப் பல்லின் குழியில் உட்கார்ந்திருக்கிறது.

டாக்டர் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். இந்த மாத்திரையைச் சில வாரம் சாப்பிட்டால் தோல் மஞ்சளாகும், அதைப் பார்த்தே விழுங்கினார்களா இல்லையா என்று சொல்லிவிடலாம் என்றார். மஞ்சள் பூசிக் குளிக்கிற பெண்களுக்கு எப்படி என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்து, அப்படியானால் ஆண்களைப் பார்ப்போம் என்றார். என் மனைவி மஞ்சளில் முகம் கழுவி, தண்ணீர்ச் செம்போடு வந்து என் கையிலிருந்து மாத்திரையை வாங்கிக்கொள்வாள். அவள் வாயை நான் திறந்து பார்க்கவில்லை. டிரஸ்ஸர் பெண்டாட்டியையே சந்தேகப்படுவதா?

இதற்கிடையில் கீழ் லயத்தில் நடந்த இன்னொரு ஆராய்ச்சி எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. கடைசி வீட்டில் பால் மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கிற ஒரு பெண் இருந்தாள். மாத்திரையைத் துப்பி முந்தானையில் முடிந்துவைத்திருக்கிறாள். மழையில் நனைந்ததும் முந்தானை முழுக்க அருமையான மஞ்சள் இறங்கியிருக்கிறது. மாரியம்மன் கோயில் தீமிதிக்கு மூன்று வாரம் இருந்தது. மஞ்சள் துணி வாங்க யாருக்கும் வக்கில்லை. அவ்வளவுதான், லயத்துப் பெண்கள் காரியத்தில் இறங்கிவிட்டார்கள்.

அவர்கள் செய்ததுதான் ஆராய்ச்சி. ஒரு துண்டுத் துணியை வெறும் தண்ணீரில் நனைத்தார்கள், ஒன்றைப் புளித்தண்ணீரில், ஒன்றைக் கஞ்சியில், ஒன்றைப் படிகாரத்தில். ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் ஆசிட்டைக்கூட ஸ்டோரிலிருந்து கொஞ்சம் கிளப்பிக்கொண்டு வந்திருக்கிறார்கள். வெயிலில் காயவைத்து, துவைத்து, எது நிற்கிறது எது ஓடுகிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, படிகாரம்தான் சரி என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். எங்கள் டாக்டரின் நோட்டுப் புத்தகத்தில் இத்தனை ஒழுங்கு இல்லை.

ஆனால் படிகாரம் பாதியில் தீர்ந்துபோனது. என் வேட்டி அதற்குப் பிறகு நனைத்தது.

தீமிதி அன்று தோட்டமே மஞ்சளாக ஜொலித்தது. மனைவி எடுத்துக்கொடுத்த மஞ்சள் வேட்டியைக் கட்டிக்கொண்டு, யார் காலாவது வெந்தால் தடவக் களிம்புப் பாட்டிலோடு குழியின் ஓரத்தில் நின்றேன். மிதித்தவர்கள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பக்கத்தில் நின்ற எனக்குத்தான் அனலில் வியர்த்துக் கொட்டியது. மறுநாள் மஞ்சள் நீராட்டு. வாளி வாளியாக ஊற்றினார்கள். அடுத்த நாள் என் கால் இரண்டும் தொடையிலிருந்து கணுக்கால் வரை மஞ்சளாக இருந்ததைப் பார்த்து, நீராட்டு மஞ்சள் என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்குத்தான் வெள்ளைக்கார டாக்டர் மறுபடி தோட்டத்துக்கு வந்தார். பெரட்டுக் களத்தில் நின்ற ஆண்களைப் பார்த்ததும் அவருக்கு வாயெல்லாம் பல். கழுத்து, கை, கால், எங்கே பார்த்தாலும் மஞ்சள். ஆனால் ரத்தம் தடவிய கண்ணாடிகளை மைக்ராஸ்கோப்பில் பார்க்கப் பார்க்க முகம் தொங்கிப்போனது. கீழ் லயத்து ரத்தத்தில் கிருமி கொஞ்சமும் குறையவில்லை. முந்தின வாரம் என் மனைவிக்குக்கூடக் காய்ச்சல் வந்து போயிருந்தது.

மருந்து இவர்கள் உடம்பில் ஏறியிருக்கிறது, கிருமி சாகவில்லை, இந்த மருந்து இங்கே பிரயோஜனமில்லை என்று எழுதப்போகிறேன் என்றார். பெட்டியைக் கட்டச் சொன்னார். அந்தப் பெட்டியை நம்பித்தான் நான் என் பிள்ளையை வைத்திருந்தேன்.

கட்டுவதற்காகக் குனிந்தேன். அரைக்கால் சட்டைக்குக் கீழே என் காலை டாக்டர் பார்த்தார்.

“நீயும் இதைச் சாப்பிடுகிறாயா?”

“இல்லை சார். எனக்குக் கொயினாதான்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் என் காலைப் பார்த்தேன். தோட்டத்திலேயே அதிக மஞ்சளான ஆம்பளை நான்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. கோயிலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் கங்காணியின் வெற்றிலைப் பையிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பை வாங்கிக் காலில் தேய்த்தேன். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் ஆலாத்தித் தண்ணீர் மாதிரிச் சிவக்க வேண்டும். என் கால் சிவக்கவில்லை. வரிசையில் நின்ற ஆண்களின் முழங்கையில் ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டே போனேன். அங்கங்கே நீராட்டு மஞ்சள் லேசாகச் சிவந்தது. மற்றதெல்லாம் கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் மஞ்சளாகவே இருந்தது.

என் வேட்டியைக் கொண்டுவரச் சொல்லி ஒரு பேசினில் முக்கினேன். டாக்டரின் மருந்தெல்லாம் அதில் கரைந்து வந்தது. பெண்கள் மாத்திரையில் துணி நனைத்த கதையைக் கங்காணி அப்போதுதான் மெல்ல அவிழ்த்தார்.

வேலை போயிற்று, அடுத்த கப்பலில் நானும் என் மனைவியும்தான் என்று நின்றேன். டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். இந்த மருந்தைக் கண்டுபிடித்தவர்களே சாயம் காய்ச்சுகிற ஆட்கள்தான், உங்கள் பெண்கள் அதைத் திரும்பச் சாயமாக்கிவிட்டார்கள் என்றார். சிரித்து முடித்துவிட்டு, ஏன் விழுங்கவில்லை என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இரண்டு மாதமாக அத்தனை வாயையும் திறந்து பார்த்தவன், ஒரு வாயிடமும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

“வீடு வீடாகப் போய்க் கேட்டு வா. திட்டாதே. கேட்டுவிட்டுக் கேள்.”

அதாவது பதிலையும் கேட்டுக்கொள் என்று அர்த்தம். எனக்கு அது புது வேலை.

மத்தியானம் கீழ் லயத்தில் ஏறி இறங்கினேன். கசப்பு என்றார்கள் சிலர். ஒருவன் ரகசியமாகக் காதைக் கடித்தான். “அதை முழுங்குனா ஆம்பளத்தனம் போயிருமாம்லா, டிரஸ்ஸரய்யா.” இன்னொருவன் உள்ளதைச் சொன்னான். “காய்ச்சலும் வராட்டி மனுசன் எப்பத்தான்யா படுக்கிறது?” கடைசி வீட்டுக்காரி மட்டும் நிமிர்ந்து நின்று, “படிகாரம் இருந்தா கொஞ்சம் குடுங்க, அடுத்த வருசத்துக்கு ஆகும்” என்றாள். திட்டக்கூடாது என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது என் மனைவி கொல்லையில் உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். லயத்துக்காரர்களின் முட்டாள்தனத்தையெல்லாம் கைகால் ஆட்டிச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

“எல்லாரையும் கேட்டுட்டீங்களா?”

“ஒருத்தர் விடாம.”

“என்னைக் கேக்கலையே.”

உன்னை என்ன கேட்பது என்றேன்.

“உங்க வேட்டிய என் மாத்திரையிலதான் நனைச்சேன். ஒண்ணுகூட முழுங்கல.”

கத்தினேன். டாக்டர் சொன்னது அரைப் பொழுதுகூட என்னிடம் நிற்கவில்லை. வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு இப்படிச் செய்வாளா ஒருத்தி, பட்டியலில் உன் பெயரை எழுதப் பொய் சொன்னேனே என்று என்னென்னவோ கத்தினேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நான் ஓயும்வரை காத்திருந்தாள்.

“மொதப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தப்ப நீங்கதான் கொயினா குடுத்தீங்க. ரெண்டாவதுக்கும் குடுத்தீங்க. காய்ச்சல் எறங்கலைன்னு கூடவும் குடுத்தீங்க. அன்னிக்கே போயிருச்சு. லயத்துல பிள்ளை வேணாம்னு நெனைக்கிறவளுக கொயினாவத்தான் தேடுறாளுக. அது உங்களுக்கும் தெரியும்.”

எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி அலமாரியிலிருந்து கொயினா காணாமல் போவதும், எதற்காகப் போகிறது என்பதும் எனக்குத் தெரிந்ததுதான். அதை என் வீட்டோடு சேர்த்து நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அவள் இரண்டு வருடமாக அதை மட்டும்தான் நினைத்திருக்கிறாள். என்னோடு ஒரே பாயில் படுத்துக்கொண்டு, எனக்குச் சோறு போட்டுக்கொண்டு.

“காய்ச்சல்ல போச்சா, நீங்க குடுத்ததுல போச்சா? சொல்லுங்க.”

சொல்வதற்கு என்னிடம் நிறைய இருந்தது. காய்ச்சல் பிள்ளையை என்ன செய்யும், கொயினா இல்லாவிட்டால் தாயே போய்விடுவாள் என்று பெண்களுக்குச் சொல்கிற பாடம் ஒன்று நாக்கு நுனியில் எப்போதும் தயாராக இருக்கும். வாயைத் திறந்தேன்.

“தெரியல” என்றேன்.

“இது?”

“இதுவும் தெரியல. புதுசு. டாக்டருக்கே தெரியாது. காய்ச்சல் திரும்ப வந்தா பிள்ளை நிக்காதுன்னு மட்டும் தெரியும். எனக்குப் பயமா இருக்கு.”

கல்யாணமானதிலிருந்து நான் அவளிடம் தெரியாது என்று சொன்னதும் அதுதான் முதல் தடவை, பயம் என்று சொன்னதும் அதுதான் முதல் தடவை. அவள் கிழங்குப் பால் ஒட்டிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நீட்டினாள்.

“இதையாச்சும் மறைக்காம சொன்னீங்க. குடுங்க.”

விழுங்கினாள். நான் கேட்காமலே வாயைத் திறந்து காட்டினாள். என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, கலங்கிப்போயிருந்தது.

மூன்று மாதம் கழித்துப் பெண் பிறந்தாள். ஆற்றுக்கு அந்தக் கரையில் கேட்கிற குரல். டாக்டர் அதற்குள் பெட்டியோடு வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார். எங்களைப் பற்றி என்ன எழுதினார் என்று நான் பார்த்ததில்லை. பிறகு எத்தனையோ மருந்துகள் வந்தன. எது கர்ப்பிணிக்கு ஆகும், எது ஆகாது என்று எழுதிவைத்த புத்தகங்களும் வந்தன. சிங்கப்பூருக்குப் போகும்போது கடையில் ஒன்றை எடுத்துப் பிரித்திருக்கிறேன். கொயினா என்ற சொல் இருக்கும் பக்கம் வருமுன் மூடி வைத்துவிடுவேன். அவளும் அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை. கேட்டால் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.